காரிகையும் பேரிகையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆறு, ஏழு, எட்டு ஆகிய வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்குச் செய்யுளின் வடிவங்களையும் அணிகளையும் எவ்வாறு கற்பிக்கிறோம் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். வெள்ளி விழாவில் பேசுவதற்கு இதைவிடப் பெரிய பொருள் இல்லையா என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு என்று எத்தனையோ இருக்க, எதுகையும் மோனையும் எதற்கு? இந்தக் கேள்வியை வெளியார் மட்டும் கேட்கவில்லை. நம் சங்கத்தின் கூட்டத்திலேயே கேட்டார்கள். "ஆலை வாயிலில் வெண்பா கேட்டா வேலை கொடுக்கிறார்கள்?" என்றார் ஓர் உறுப்பினர். அவரைக் குறை கூற மாட்டோம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த நாள் முதல் இங்குள்ள பெற்றோர் ஒவ்வொருவரும் பிள்ளையின் படிப்பை ஆலை வாயிலை வைத்தே அளந்து வந்துள்ளனர். வயிற்றுப் பாட்டை அறிந்தவர்கள் அப்படித்தான் அளப்பார்கள்.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தமிழ்த் தேர்வில் யாப்பு வினாவைத் தொடாமலே விட்டுவந்தான். காரணம் கேட்டோம். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம் அவனுடையது. வகுப்பில் அவன் செய்யுளை வாய்விட்டுப் படித்தபோது மற்றவர்கள் சிரித்தார்களாம். "உன் வாய்க்கு இது வராது, உனக்கு ஐ.டி.ஐ. போதும்" என்று சொன்னார்களாம். அது எந்தப் பள்ளி, சொன்னவர் யார் என்பதெல்லாம் இங்கு வேண்டா. ஐ.டி.ஐ. இழிவானதன்று, நம் இளைஞர் பலர் அங்குப் பயின்றே தலை நிமிர்ந்தனர். ஆனால் 'இது உனக்கு வராது' என்ற சொல் இருக்கிறதே, அதை நம் பாட்டனாரும் கேட்டார், தந்தையாரும் கேட்டார். மூன்றாம் தலைமுறையும் அதைக் கேட்க வேண்டுமா என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

பழைய சொலவடை ஒன்று உண்டு. காரிகை படித்துக் கவி கட்டுவதைவிடப் பேரிகை அடித்து வயிறு வளர்ப்பது நன்று என்பது அதன் கருத்து. காரிகை என்பது அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை. ஆயிரம் ஆண்டுப் பழமை உடைய யாப்பு நூல். பேரிகை என்பது முரசு. நூலின் கடுமையை நினைத்துப் புலவர்கள் வேடிக்கையாகச் சொன்ன சொல் அது. நமக்கோ அது வேடிக்கையாக இல்லை. காரிகை ஒரு தெருவுக்கு, பேரிகை இன்னொரு தெருவுக்கு என்று ஊரே பிரிந்து கிடந்ததன்றோ! பறை கொட்டுபவனுக்குத் தாளம் தெரியும், ஆனால் தளை தெரியக்கூடாது என்று யார் வகுத்தது? கருநாடக எல்லையை ஒட்டி நம் பகுதியிலேயே பேரிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காரிகையின் முதற்படியைக் கற்றுக் கொடுப்பது என்று முடிவு செய்தபோது, அந்தச் சொலவடைக்கு நாம் தரும் விடை அது என்றே எண்ணினோம்.

எண்ணியது நன்று, செய்தது பிழை. முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் கற்பித்த முறை மிகவும் தவறானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கரும்பலகையில் நேர், நிரை என்று எழுதினோம். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று ஒப்பிக்கச் செய்தோம். நாங்கள் பள்ளியில் எப்படி வதைபட்டோமோ அப்படியே பிள்ளைகளையும் வதைத்தோம். தமிழ் நாளன்று மட்டும் வருகை பாதியாகக் குறைந்தது.

வழி காட்டியவன் ஒரு சிறுவன். வகுப்பு தொடங்குமுன் அவன் பேருந்து நடத்துநரைப் போல ஊர்ப்பெயர்களைக் கூவிக் கொண்டிருந்தான். "சூளகிரி, சூளகிரி! மத்திகிரி, மத்திகிரி!" இரண்டையும் ஒரே இழுப்பில், ஒரே தட்டில் கூவினான். பலகையைத் துடைத்துக் கொண்டிருந்த நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சூ–ளகி–ரி, மத்–திகி–ரி. இரண்டும் நேர், நிரை, நேர்; இரண்டும் கூவிளங்காய். ஒப்பித்தும் ஏறாத வாய்பாடு அவன் தொண்டையில் தானாகவே இருந்தது.

அன்று முதல் பேருந்து நிலையத்தின் பெயர்ப்பலகையே எங்கள் யாப்பு நூல் ஆயிற்று. குற்றெழுத்தோ நெட்டெழுத்தோ தனித்து வந்தாலும், ஒற்றடுத்து வந்தாலும் நேரசை. அதற்கு மேசையில் ஒரு தட்டு. இரண்டு குறிலோ, குறிலை அடுத்து நெடிலோ இணைந்து வந்தால் நிரையசை, ஒற்றடுத்தாலும் அதுவே; அதற்கு விரைவாக இரண்டு தட்டு. ஓ–சூர்: தட்டு, தட்டு, தேமா. பர்–கூர்: அதுவும் தேமா. பா–கலூர்: கூவிளம். பே–ரிகை: அதுவும் கூவிளம். அஞ்–செட்–டி: தேமாங்காய். ஊத்–தங்–கரை: தேமாங்கனி. கெல–மங்–கலம்: புளிமாங்கனி. 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து நம் மாவட்டத்தின் தலைநகரான கிருட்டினகிரி, கிருட்–டின–கிரி என்று மூன்று நிரையாகப் பிரிந்து கருவிளங்கனி ஆகும். தேன்கனிக்கோட்டை நான்கு அசை உடையது. அதைப் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடந்தது. தளி ஒரே நிரையசை. "இவ்வளவு சின்ன ஊரா?" என்று தளியிலிருந்து வந்த சிறுமி கோபித்துக் கொண்டாள்.

தொடை விகற்பமும் அப்படியே. சூளகிரி, மத்திகிரி, கிருட்டினகிரி என்று சொல்லின் இறுதி ஒத்து வருவது இயைபு. முதலெழுத்து ஒத்து வருவது மோனை. பாகலூரும் பர்கூரும் மோனை. பாகலூருக்கும் பேரிகைக்கும் மோனை உண்டா என்று ஒருவன் கேட்டான். இரண்டிலும் பகர மெய் உண்டு, ஆனால் ஆகாரமும் ஏகாரமும் வேறு வேறு இனம். ஆதலால் மோனை ஆகாது என்றோம். இரண்டாம் எழுத்து ஒத்து வருவது எதுகை. "தளிக்குப் போனால் களிக்குக் குறைவில்லை" என்று அந்தச் சிறுமியே ஓர் அடி கட்டினாள். தளி, களி, கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த ஊரில் இதைவிட நல்ல எதுகை வேறு ஏது? 'காளி' என்று போடலாமா என்றாள். முதலெழுத்தின் அளவு மாறிவிடும், குறிலுக்குக் குறிலே வர வேண்டும் என்றோம்.

எதுகைக்கு வந்தபோதுதான் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகளின் முறை வந்தது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதைக் கன்னடச் செய்யுளிலும் தெலுங்குச் செய்யுளிலும் பிராசம் என்பர். பழைய கன்னடப் பாட்டில் அது இன்றியமையாதது. தெலுங்கில் மோனையை ஒத்ததற்கு யதி என்று பெயர். வடமொழியின் பழைய யாப்பு வேண்டாத இந்த இரண்டாமெழுத்து ஒப்புமையைத் தென்மொழிகள் மூன்றும் போற்றுகின்றன. அதுமட்டுமன்று. காரிகை, பெண்ணொருத்தியை விளித்துக் கூறும் மகடூஉ முன்னிலையாக அமைந்த நூல். இவ்வமைப்புக்கு ஒப்பாக அதன் உரையாசிரியர் குணசாகரர் காட்டுவது, குணகாங்கியம் என்ற கன்னட யாப்பு நூலை! அந்நூல் இன்று கிடைக்கவில்லை; தமிழுரை ஒன்றே அதன் பெயரைக் காத்து வைத்திருக்கிறது. காரிகையே கன்னடத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நிற்கும்போது, கன்னடம் பேசும் பிள்ளையின் வாய்க்கு யாப்பு வராது என்று சொன்னவர் காரிகையைத் திறந்து பார்த்தவர் அல்லர் என்பது உறுதி. இதை நாங்கள் அந்த மாணவனிடம் சொன்னோம். அவன் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. "அப்படியானால் எங்கள் பாட்டி சொல்லும் பாட்டையும் இப்படித் தட்டிப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டான்.

அணிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறோம். உவமையைக் கற்பிக்க நூல் வேண்டியதில்லை. இறந்தவரைச் சுற்றி அமர்ந்து நம் தாய்மார் பாடும் ஒப்பாரியில் ஒப்பு என்னும் சொல்லே முன்னால் நிற்கிறது. அணைந்த விளக்கு, முறிந்த மரம், இடிந்த சுவர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக உவமை அடுக்குபவர்கள் அவர்கள். 'போல' என்னும் உருபு மறைந்தால் உவமைத்தொகை. உவமையும் பொருளும் ஒன்றே என்று ஆக்கிவிட்டால் உருவகம். உவமையை மட்டும் சொல்லிப் பொருளைச் சொல்லாமல் உய்த்துணர விட்டால் பிறிது மொழிதல். இது பிள்ளைகளுக்குக் கடினம் என்று பாடநூல் பயமுறுத்துகிறது. ஆனால் விடுகதை அதற்கு மிக நெருங்கிய உறவு அன்றோ? "வாயில்லை, ஊரை எழுப்பும், கையில்லை, ஊரை இழுக்கும்" என்று ஒரு மாணவி போட்டாள். ஆலைச் சங்கு! விடை சொல்லாத விடுகதை எப்படியோ, அப்படியே பிறிது மொழிதல் என்றதும் வகுப்பு பிடித்துக்கொண்டது.

வஞ்சப்புகழ்ச்சியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது நம் மண்ணுக்கு உரியது. தகடூர் இன்றைய தருமபுரி. அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அதைக் கண்டு ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் கருவிகள் மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன. எம் தலைவன் கருவிகளோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் பொருள். புகழ்வது போல் பழித்து, பழிப்பது போல் புகழ்ந்த பாட்டு. இதைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இப்படி இரண்டு கருவிகள் உண்டா என்று கேட்டோம். ஆலையில் பொருத்துநராகப் பணியாற்றுபவரின் மகன் எழுந்தான். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் ஸ்பானர் பளபளவென்று இருக்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. அப்பாவின் ஸ்பானரோ தேய்ந்து, வாய் அகன்று, எண்ணெய்க் கறையோடு பையில் கிடக்கிறது என்றான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு இப்பாலிருந்து ஔவையாருக்குக் கிடைத்த நல்ல மாணவன் அவன்!

இனி, நம் பெரியவர்கள் எழுப்பிய ஒரு மறுப்பைச் சொல்லாமல் போனால் நேர்மை ஆகாது. பிள்ளைகள் மேசையைத் தட்டிப் படிப்பதைக் கண்ட மூத்த உறுப்பினர் ஒருவர் மனம் நொந்தார். "சாவுக்கும் திருவிழாவுக்கும் கூலியில்லாமல், அடிக்குப் பயந்து கொட்டினோம். அதைக் கீழே போட்டுவிட்டு வருவதற்கே எங்களுக்கு ஆயுள் பாதி போயிற்று. நீங்கள் மறுபடியும் பிள்ளைகள் கையில் அதைத் தருகிறீர்களா?" என்றார். தமிழில் பறை என்றும் தப்பட்டை என்றும், கன்னடத்தில் தமட்டெ என்றும், தெலுங்கில் டப்பு என்றும் வழங்கும் அந்தக் கருவியின் பேரில் நம் மக்கள் பட்ட அவமானம் உண்மை. பாணரையும் பறையரையும் துடியரையும் கடம்பரையும் சிறந்த குடிகளாகப் போற்றிய மாங்குடி கிழாரின் புறப்பாட்டைக் காட்டி அந்த வலியை நாம் துடைத்துவிட முடியாது. நாங்கள் அவருக்குச் சொன்னது இவ்வளவே: கருவியைக் கையில் எடுக்குமாறு எந்தப் பிள்ளையையும் நாங்கள் கேட்கவில்லை; எடுப்பதும் விடுவதும் அவரவர் உரிமை. ஆனால் உங்கள் செவியில் தங்கிய தாளக் கணக்கு ஊரார் உங்களுக்கு இட்ட கட்டளை அன்று. அது நீங்கள் ஈட்டிய சொத்து. அவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வந்து பின்வரிசையில் அமர்ந்தார்.

வெண்பாவுக்கு வந்தோம். திருக்குறளின் அளவுதான் வெண்பாவில் மிகச் சிறியது; ஏழே சீர். இந்தக் குறளுக்கும் நமக்கும் உள்ள உறவையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1845 முதல் 1914 வரை வாழ்ந்த பண்டிதர் அயோத்திதாசர், தம் பாட்டனார் கந்தப்பனார் குறள் ஏட்டுச்சுவடியைத் தாம் பணிபுரிந்த ஆரிங்டன் துரையிடம் அளித்ததையும், அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றதையும் எழுதி வைத்துள்ளார். காத்தவராயன் என்ற இயற்பெயரை விடுத்துத் தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தமக்கு இட்டுக்கொண்டவர் அவர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை, நமக்கு அண்டையில் உள்ள கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் படித்தார்கள். பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் மாலையில் இலக்கணமும் பௌத்தமும் பேசிய காலம் அது. ஆலைத் தொழிலாளிக்குச் செய்யுள் எதற்கு என்ற கேள்விக்குத் தங்கவயல் அன்றே விடை சொல்லியிருக்கிறது.

மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். வெண்பாவின் தளை இவ்வளவே. பற்சக்கரத்தின் பல்லும் பள்ளமும் பொருந்துவது போலப் பொருந்தினால்தான் சக்கரம் சுற்றும் என்று பெற்றோர் ஒருவர் விளக்கியது எங்கள் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது. வகுப்பே சேர்ந்து ஒரு குறள் கட்ட முனைந்தது. முதலில் எழுந்தது இது:

பறைச்சத்தம் கேட்டுப் பயின்ற காதுக்கு
மறையில்லை பாட்டின் வழக்கு.

தட்டிப் பார்த்தார்கள். 'பயின்ற' என்பது புளிமா. மாவை அடுத்து நிரை வர வேண்டும். 'காதுக்கு' நேரில் தொடங்குகிறது, தளை தட்டியது. 'செவிக்கு' என்று மாற்றினால் சரியாகும் என்றோம். 'சத்தம்' என்பதும் சற்றுக் கொச்சையாகத் தோன்றவே 'ஒலி' என்று ஆக்கினோம்.

பறையொலி கேட்டுப் பயின்ற செவிக்கு
மறையில்லை பாட்டின் வழக்கு.

மறை என்பதற்கு இரகசியம் என்றும் வேதம் என்றும் இரு பொருள் இருப்பதால் இரட்டுற மொழிதலும் அமைந்தது என்று நாங்களே மகிழ்ந்தோம். ஆனால் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மகிழவில்லை. "எங்கள் வீட்டில் யாருக்கும் செவி இல்லை, காதுதான் இருக்கிறது. ஒலியும் இல்லை, சத்தம்தான். எங்களுடையதை எடுத்துவிட்டுத்தான் வெண்பா கட்ட வேண்டுமா?" என்றாள். எங்களிடம் விடை இல்லை. யாப்பு அப்படித்தான் என்று சொல்லி அன்று வகுப்பை முடித்துவிட்டோம். அடுத்த வாரம் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்:

பறைச்சத்தம் கேட்டுப் பழகியநம் காது
மறக்காது பாட்டின் வழக்கு.

புளிமாங்காய், தேமா, கருவிளங்காய், தேமா, புளிமாங்காய், தேமா, பிறப்பு. ஓரிடத்திலும் தளை தட்டவில்லை. பறைக்கும் மறக்கும் வருக்க எதுகை. பறைச்சத்தமும் பழகியதும் மோனை. மகரத்துக்கு வகரம் இன மோனை. இவற்றுக்கெல்லாம் மேலே, முதலடியின் இறுதியில் உள்ள 'காது' இரண்டாம் அடியின் 'மறக்காது' என்பதற்குள் மீண்டும் வந்து ஒலிக்கிறது. அதை அவள் எண்ணிச் செய்தாளா என்று கேட்டோம். "தட்டித் தட்டிப் பார்த்தேன், வந்தது" என்றாள். எங்கள் மறையும் இரட்டுற மொழிதலும் போயின. போனால் போகட்டும். இலக்கணம் காதைத் தள்ளவில்லை. தள்ளியவர்கள் நாங்கள்தாம் என்பதை அன்று அறிந்தோம்.

வடிவத்தைக் கைக்கொண்டு அதைத் தமக்காகப் பேச வைத்தவர்கள் அண்டை மொழிகளிலும் உண்டு. தெலுங்கில் குர்ரம் ஜாஷுவா. 1895இல் பிறந்து 1971இல் மறைந்தவர்; தீண்டாமையின் கொடுமையை நேரில் துய்த்தவர். 1941இல் அவர் வெளியிட்ட 'கப்பிலம்' ஒரு தூதுக் காவியம். காளிதாசர் மேகத்தைத் தூது விட்டார். ஜாஷுவாவின் நாயகன் காசியில் உள்ள சிவனிடம் வௌவாலைத் தூது விடுகிறான். ஏன் வௌவால்? கோயிலுக்குள் அவன் நுழைய முடியாது. வௌவால் நுழைந்து தலைகீழாகத் தொங்கலாம், யாரும் தடுப்பதில்லை. தூது என்ற பழைய வடிவத்துக்குள் இதைவிடக் கூரிய குற்றச்சாட்டை வைக்க முடியுமா? பழைய யாப்பில், பண்டிதர் குறை காண முடியாதபடி அதைப் பாடினார். கன்னடத்தில் சித்தலிங்கையா வேறு வழி சென்றார். 1975இல் வந்த அவருடைய 'ஹொலெ மாதிகர ஹாடு' என்னும் தொகுதியின் பாட்டுகள் ஊர்வலங்களில் பாடப்பட்டவை. நாட்டார் தாளத்தில் நடப்பவை. 2021இல் அவர் மறைந்தார். பண்டித யாப்பு ஒரு வழி, தெருவின் தாளம் மற்றொரு வழி. எது சிறந்தது என்று நம் இளைஞர் கூட்டங்களில் சண்டை நடக்கிறது. நடக்கட்டும், ஆனால் இரண்டையும் அறிந்தவர்கள் சண்டையிட்டால் கேட்க நன்றாக இருக்கும். வெண்பாவே வேண்டா, புதுக்கவிதை போதும் என்று சொல்லும் தம்பியிடமும் இதையே சொல்லுவோம். அறிந்த பின் விடு. அறியாமல் விடுவது விடுவதாகாது, இழப்பதாகும்.

தேர்வு மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். சிலருக்குக் கூடியது, சிலருக்குக் கூடவில்லை. யாப்பு வினாவை இப்போது யாரும் விட்டுவிட்டு வருவதில்லை. அதை மட்டும் சொல்ல முடியும். கன்னடம் பேசும் அந்த மாணவன் இன்று தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். விடுமுறை நாளில் வந்து சிறுவர்களுக்கு அசை பிரிக்கக் கற்றுத் தருகிறான். பாட்டி சொன்ன பாட்டுகள் என்று ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறான். கன்னடப் பாட்டு, தமிழ் எழுத்தில்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் விடுகதையும் தெரிந்தவர்கள், எந்த மொழியானாலும், சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். குறிப்பேடுகளும் பென்சில்களும் சங்கம் தரும். பேரிகைக்குச் செல்லும் பிள்ளைகள் இருட்டுமுன் பேருந்து ஏற வேண்டியிருப்பதால் வகுப்பை நேரத்தோடு தொடங்குகிறோம், அதற்குள் வந்துவிடுங்கள்.